புனைபெயர்ல சொந்தக் கதை எழுதுறவங்க இங்க இருக்கீங்களா? எங்க சித்தி மோப்பம் பிடிச்சிட்டாங்க

பழைய_ட்ரங்குபெட்டி:
வணக்கம் மக்களே, ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு, இப்பதான் வாயத் தொறக்கிறேன். ஒரு கதை ஆப்ல புனைபெயர்ல எழுதிட்டு வர்றேன். மேல கதைன்னு போட்டிருக்கும், ஆனா எல்லாம் எங்கூட்ல நடந்ததுதான். அப்பா போர்வெல் தோண்டற ரிக் வண்டி வச்சிருந்தாரு, திருச்செங்கோடு பக்கம், போர் போட மத்தியப் பிரதேசம் ஒரிசான்னு போனா மாசக்கணக்குல வர மாட்டாரு, வந்தா குடி, அப்புறம் ஃபைனான்ஸ்காரன் வண்டியத் தூக்கிட்டுப் போனது, அம்மா நகைய வித்தது, அக்கா கல்யாணம் நிச்சயம் வரைக்கும் போய் நின்னது, இப்படியே போகும். அப்பா இப்ப இல்ல.

போன வாரம் எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல சித்தி ஒரு லிங்க் போட்டாங்க. பாத்தா என் கதை. கீழ "இது அப்படியே நம்ம மாமா கதையாட்டவே இருக்குதுல்ல"ன்னு ஒரு வரி. நாலஞ்சு பேரு ஹார்ட் வேற விட்டிருக்காங்க. சாயங்காலம் அம்மா போன் பண்ணி "யாரு கண்ணு அந்தப் புள்ள, நம்மூட்டுக்குள்ள இருந்து பாத்தாப்ல எழுதியிருக்குது"ங்கறாங்க. ஊருக்கு ஊரு இதே கதைதாம்மான்னு சொல்லி வச்சிட்டேன்.

இதுக்கு நடுவுல ஒரு பதிப்பகத்துல இருந்து புக்கா போடலாமான்னு மெசேஜ் வந்திருக்கு. எல்லாத்தையும் தூக்கிடலாமா, மாத்தி எழுதலாமா, இல்ல அப்படியே விடலாமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

சும்மா_வந்தேன்:
அக்கா லிங்க் குடுங்க, படிச்சிட்டு கருத்து சொல்றேன்

பழைய_ட்ரங்குபெட்டி:
@சும்மா_வந்தேன் தம்பி, அதக் குடுத்தா இந்த ஐடியும் போச்சு.

உள்ளதைச்சொல்வேன்:
கோவிச்சுக்காதீங்க, எனக்கு இந்த புனைபெயர் மேட்டரே ஒத்து வராது. உண்மைய எழுதறேன்னு சொல்றீங்க, அத எழுதற ஆளு மட்டும் பொய்யா? தைரியம் இருந்தா சொந்தப் பேர்ல எழுதணும், இல்லன்னா டைரில எழுதிட்டு பூட்டி வைக்கணும். மறைஞ்சு நின்னு அடிக்கிறது வாலி காலத்துல இருந்தே பஞ்சாயத்துதான்.

மஞ்சப்பை:
தம்பி உள்ளதைச்சொல்வேன், உங்க பேர் ரேஷன் கார்டுலயும் உள்ளதைச்சொல்வேன்னுதான் இருக்கா?

சும்மா_வந்தேன்:
😂😂

மஞ்சப்பை:
சிரிப்புக்கு சொல்லல. தமிழ்ல புனைபெயர எடுத்துட்டா அலமாரில பாதி காலி. சொ. விருத்தாசலம்னு சொன்னா எத்தன பேருக்குத் தெரியும், புதுமைப்பித்தன்னா தெரியும். ரங்கராஜன்னு பத்திரிகைல ஏற்கனவே ஒருத்தர் (ரா.கி. ரங்கராஜன்) இருந்ததால குழப்பம் வேணாம்னு பெண்டாட்டி பேர எடுத்து சுஜாதா ஆனாரு இன்னொரு ரங்கராஜன். இந்திரா பார்த்தசாரதியும் அப்படித்தான், மனைவி பேர முன்னால போட்டுக்கிட்டாரு. இதெல்லாம் ஒளியறதுக்கு இல்ல, சட்டைய மாத்திக்கிற மாதிரி. ஆனா இந்த அம்மா கேக்கறது வேற ரகம். அதுக்கு நம்ம ஊர்ல சரியான உதாரணம் சல்மா. துவரங்குறிச்சில வீட்ட விட்டு வெளிய போக முடியாத நிலைமைல, ராத்திரி பாத்ரூம்ல நின்னுட்டு எழுதி, அம்மா மூலமா வெளிய அனுப்பி, வீட்டுக்குத் தெரியாம சல்மாங்கற பேர்ல கவிதை வந்துச்சு. அவங்க கிட்ட போய் "தைரியம் இருந்தா சொந்தப் பேர்ல எழுது"ன்னு சொல்லிப் பாருங்க. அவங்க 2001ல உள்ளாட்சித் தேர்தல்ல நின்னு பேரூராட்சித் தலைவி ஆனாங்க, இப்ப ராஜ்யசபா எம்.பி. அந்தப் பேரு மட்டும் அன்னைக்கு இல்லாம இருந்திருந்தா மத்ததெல்லாம் நடந்திருக்குமான்னு யோசிங்க.

நெடுந்தீவு_குதிரை:
மஞ்சப்பை ஐயா சொல்றது சரி. நாங்கள் எழுதத் தொடங்கின காலத்தில புனைபெயர் எண்டது ஸ்டைலுக்கு இல்லை. 90களில பாரிசிலயும் டொரண்டோவிலயும் எங்கட இலங்கைத் தமிழ் ஆக்கள் போட்ட சின்னச் சஞ்சிகைகளை எடுத்துப் பாருங்கோ, பாதிப் பேருக்கு மேல புனைபெயர்தான். எழுதினவருக்கு இஞ்ச ஒண்டும் நடக்காது, ஊரில தாய் தகப்பன் இருக்கினம், அதுதான் பயம். இயக்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதினாலும், ஆமியைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் கேள்வி வீட்டுக்குத்தான் போகும். ஒரே ஆள் மூண்டு பேரில எழுதி தனக்குத் தானே மறுப்பும் எழுதின கதை எல்லாம் இருக்கு 😀. எங்கட எழுத்தாளர் ஷோபாசக்தியின்ர சொந்தப் பேர் அன்ரனிதாசன் எண்டு இப்ப உலகத்துக்கே தெரியும், 2015ல கான்ஸ் விழாவில பெரிய விருது எடுத்த தீபன் படத்தில அவர் சொந்தப் பேரிலதான் நடிச்சவர். பேர் ஒளிக்கிற தேவை முடிஞ்ச பிறகும் பேர் நிக்குது.

ஆனா தங்கச்சி, ஒரு விசயம். எங்கட ஆக்களை அடையாளம் கண்டது பேரை வைச்சு இல்லை. "வேப்பமரத்தடியில இருந்த தையல் மெசின்" எண்டு ஒருத்தர் எழுதினவர், ஊர்ச்சனம் அடுத்த நாளே ஆளைச் சொல்லிப் போட்டுது. அந்த ஊரில ஒரே ஒரு தையல் மெசின்தான் வேப்பமரத்தடியில இருந்தது.

பழைய_ட்ரங்குபெட்டி:
@நெடுந்தீவு_குதிரை அய்யோ இதேதான் அண்ணா. சித்திக்கு எப்படி டவுட் வந்துச்சுன்னு நைசா கேட்டேன். ரிக் வண்டி முன்னால கண்ணாடிக்கு மேல எங்க பெரியக்கா பேர எழுதி பக்கத்துல மயில் வரைஞ்சிருக்கும், அத அப்படியே எழுதியிருந்தேன், அக்கா பேர மட்டும் மாத்திட்டேன். மயில மாத்தல.

நைட்ஷிஃப்ட்_நந்தினி:
நான் நர்ஸ், ஐசியு. நானும் புனைபெயர்லதான் எழுதறேன், எனக்கு உங்கள விட பயம் ஜாஸ்தி ஏன்னா என் கதைல வர்றவங்க என் சொந்தக்காரங்க இல்ல, பேஷண்ட். அவங்க என்னை நம்பி படுத்திருந்தவங்க. நான் வச்சிருக்கிற பழக்கம் சொல்றேன், யூஸ் ஆனா எடுத்துக்கோங்க.

நடந்த உடனே எழுத மாட்டேன். குறிப்பு மட்டும் நோட்ல, அதுவும் பேரு பெட் நம்பர் இல்லாம. ரொம்ப நாள் கழிச்சு எழுதும்போது பாதி விவரம் தானா உதிர்ந்திருக்கும், உதிராம நிக்கறதுதான் கதை. வியாதிய மாத்த மாட்டேன், அத மாத்தினா மருந்து மாறும், வாடை மாறும், வீட்டாளுங்க பேசறது மாறும், எல்லாமே பொய் ஆகிடும். மாத்தறது எல்லாம் மனுஷங்கள. மூணு பசங்கன்னா ஒரு பொண்ணு, புருஷன்னா அண்ணன், தீபாவளி நேரம்னா ஆனி மாசம். ரெண்டு பேரோட கதைய ஒண்ணா சேர்த்தும் எழுதியிருக்கேன்.

உங்களுக்கும் அதேதான் சொல்வேன். ரிக்க லாரி ஆக்காதீங்க. மாசக்கணக்குல வெளி மாநிலத்துல கெடக்கறது, திரும்பி வரும்போது அந்த கல்லுத்தூசி, தண்ணி வராத போருக்கு காசு வராம நிக்கறது, அதெல்லாம் ரிக்குல மட்டும்தான் இருக்கு. தொழில விட்டுட்டு குடும்பத்த மாத்துங்க. திருச்செங்கோட்டச் சுத்தி ரிக் வச்சிருக்கற வீடு எத்தனையோ இருக்கும், அதுல ஒளிஞ்சுக்கலாம். மயில் வரைஞ்ச ரிக்ல ஒளிய முடியாது.

தபால்பொட்டி:
நடுவுல ஒரு கேள்வி. நான் மத்திய அரசு ஊழியர். ஆபீஸ்ல நடக்கற கூத்தெல்லாம் புனைபெயர்ல எழுதினா சிக்கல் இருக்கா? சக ஊழியர் ஒருத்தர் "பேரு தான் உன்னோடது இல்லையே, யாரு கேக்கப் போறா"ங்கறாரு.

கோர்ட்_வாசல்:
@தபால்பொட்டி அந்த சக ஊழியர் பேச்சக் கேக்காதீங்க சார். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964, அதுல 15வது விதி பிரகாரம் எப்பவாச்சும் செய்யற இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த வேலைக்கு முன் அனுமதி தேவையில்ல. கதை கவிதை எழுதலாம். ஆனா 9வது விதில அரசாங்கத்தோட கொள்கை நடவடிக்கைய விமர்சிக்கறத தடுக்கற இடத்துல சொந்தப் பேர்லயோ, பேர் போடாமலோ, புனைபெயர்லயோ, வேற ஆள் பேர்லயோன்னு எல்லாத்தையும் எழுதியே வச்சிருக்காங்க. 1964லயே யோசிச்சிட்டாங்க. அதனால ஆபீஸ் கூத்து கதையா இருக்கற வரைக்கும் ஒண்ணு, சர்க்குலர் நம்பர் போட்டு திட்டினா வேற.

சரி இழைக்கு வர்றேன். ட்ரங்குபெட்டி மேடம், வக்கீலா சில விஷயம், பொதுவா சொல்றேன், புக்கா போடறதுக்கு முன்னால நேர்ல ஒரு வக்கீலப் பாத்துடுங்க.

அவதூறு வழக்குல புனைபெயர் உங்கள காப்பாத்தாது. கோர்ட் உத்தரவு வாங்கிட்டா ஆப் கம்பெனி உங்க போன் நம்பர குடுத்துத்தான் ஆகணும். கதைல வர்றவங்க பேர மாத்திட்டேன்னு சொல்றதும் முழு பாதுகாப்பு இல்ல, தெரிஞ்சவங்க படிச்சா இன்னார்னு புரியுதா, அதுதான் கேள்வி. உங்க சித்தி போட்ட மெசேஜே அதுக்கு சாட்சி 😀

நெறைய பேருக்குத் தெரியாத இன்னொண்ணு, "உண்மையத்தான எழுதினேன்"னு சொன்னா மட்டும் கிரிமினல் சட்டத்துல போதாது. முன்னால ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 499, 2024 ஜூலைல இருந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 356. அதுல உண்மையா இருக்கணும், கூடவே பொது நன்மைக்காகவும் இருக்கணும். செத்துப் போனவங்களப் பத்தி எழுதினாலும் குடும்பத்தார் மனச புண்படுத்தற நோக்கம் இருந்தா அவதூறு ஆகலாம்னு விளக்கமே இருக்கு. உங்க விஷயத்துல அந்தக் குடும்பத்தார்ல நீங்களும் ஒருத்தர், ஆனா நீங்க மட்டும் இல்ல. அப்பாவுக்கு அண்ணன் தம்பி இருந்தா யோசிங்க.

இதுல சுப்ரீம் கோர்ட்டோட முக்கியமான தீர்ப்பு நம்ம ஊர் கேஸ்தான். ஆட்டோ சங்கர் ஜெயில்ல எழுதின சுயசரிதைய நக்கீரன் பத்திரிகை போடக் கூடாதுன்னு அதிகாரிங்க தடுக்கப் பாத்தாங்க, அதோட ஆசிரியர் ராஜகோபால் போட்ட கேஸ், 1994. அச்சுக்கு முன்னாலயே அரசு தடுக்க முடியாதுன்னு சொன்னாங்க, கோர்ட் ஆவணம் மாதிரி பொதுவுல பதிவான விஷயத்த அனுமதி இல்லாமலும் போடலாம்னு சொன்னாங்க. அதே தீர்ப்புலதான் ஒரு ஆளோட குடும்பம், கல்யாணம், தாய்மை, படிப்பு இதெல்லாம் அவங்களோட அந்தரங்கம், சம்மதம் இல்லாம எழுதக் கூடாதுன்னும் இருக்கு. ரெண்டு பக்கமும் வெட்டற தீர்ப்பு.

உள்ளதைச்சொல்வேன்:
வக்கீல் சார் சொன்னதுல இருந்து என் பாயிண்டுக்கே வர்றேன், எல்லாரும் என்னை கலாய்ச்சாச்சு பரவால்ல. சல்மா மேடம் பத்தி மஞ்சப்பை ஐயா சொன்னத ஒத்துக்கறேன், அவங்களுக்கு அந்தப் பேரு தேவை. ஆனா ட்ரங்குபெட்டி அக்கா, உங்களுக்கு புனைபெயர் இருக்கு. உங்க அக்காவுக்கு? கல்யாணம் நின்னது அவங்க வாழ்க்கை. அத நாலு பேரு படிச்சு கமெண்டுல "ஐயோ பாவம்"னு போடறாங்க. அவங்கள யாராவது கேட்டாங்களா? நீங்க முகமூடி போட்டுட்டு வீட்ல இருக்கற மத்தவங்கள வெறும் முகத்தோட நடுத்தெருவுல நிக்க வச்சிருக்கீங்க. இதுதான் எனக்கு ஒத்து வரல.

சும்மா_வந்தேன்:
ப்ரோ இத மொதல்லயே இப்படி சொல்லியிருந்தா யாரு கலாய்ச்சிருப்பா

நைட்ஷிஃப்ட்_நந்தினி:
இது ஞாயமான கேள்வி. எனக்கும் பதில் இல்ல.

மஞ்சப்பை:
எழுத்தாளர் பாமா நினைவுக்கு வர்றாங்க. தன் வாழ்க்கைய வச்சு எழுதின கருக்கு 1992ல வந்தப்ப, பாமாங்கறதும் புனைபெயர்தான், ஊர்க்காரங்களுக்கு எல்லாம் கோவம், எங்களப் பத்தி எழுதிட்டான்னு, பல மாசம் சொந்த ஊருக்குள்ள போக முடியல அவங்களால. புனைபெயர் அங்க ஒண்ணும் உதவல. எழுதறவங்களுக்கு அது என் கதை, ஊருக்கு அது எங்க கதை. அதுக்காக எழுதாம இருந்திருந்தா தலித் பெண் எழுத்துல அப்படி ஒரு தொடக்கமே இருந்திருக்காது. அதனால கேட்டுட்டுத்தான் எழுதணும்னு ஒரேயடியா சொல்ல மாட்டேன் தம்பி. குடிகார அப்பன் கிட்ட அனுமதி வாங்கி குடிய எழுத முடியுமா? ஆனா அக்கா வேற, அப்பன் வேற, அதுல உங்க பக்கம்.

கோர்ட்_வாசல்:
இங்கிலாந்துல ஒரு கேஸ் இருக்கு. லங்காஷயர் போலீஸ்காரர் ஒருத்தர் நைட்ஜாக்னு புனைபெயர்ல ஸ்டேஷன் அனுபவம் எழுதினாரு, 2009ல அரசியல் எழுத்துக்குக் குடுக்கற ஆர்வெல் பரிசு கூட கெடச்சுது. அதே வருஷம் ஒரு பெரிய பேப்பர் அவர் யாருன்னு போடப் போறோம்னாங்க, அவரு கோர்ட்டுக்குப் போனாரு, பொதுவெளில எழுதறது பொது காரியம், பேர மறைச்சு வைக்கற உரிமை இல்லன்னு நீதிபதி தள்ளிட்டாரு. பேரு வெளிய வந்துச்சு, எழுதினத எல்லாம் அழிச்சாரு, டிபார்ட்மெண்ட்ல எழுத்துபூர்வ எச்சரிக்கை. அவர் எழுதின சம்பவத்த உண்மையான கேஸோட பொருத்திப் பாக்க முடிஞ்சுதுங்கறதுதான் அங்க பேச்சு. அப்புறம் 2012ல அந்த நிருபர் அவர் இமெயிலுக்குள்ள திருட்டுத்தனமா பூந்துதான் கண்டுபிடிச்சாருன்னு தெரிஞ்சு பேப்பர் நஷ்ட ஈடு குடுத்துச்சு. குடுத்து என்ன, போனது போனதுதான்.

தபால்பொட்டி:
கம்ப்யூட்டரே எழுத்து நடைய வச்சு ஆளக் கண்டுபிடிக்குதாமே, ஹாரிபாட்டர் எழுதின ரௌலிங் அம்மாவ அப்படித்தான் பிடிச்சாங்கன்னு படிச்சேன்

மஞ்சப்பை:
பாதிதான் சரி. 2013ல ரௌலிங் ராபர்ட் கால்பிரெய்த்ங்கற பேர்ல துப்பறியும் நாவல் போட்டப்ப, நடைய அலசிப் பாத்தது ரெண்டாவது. மொதல்ல கசிஞ்சது அவங்க வக்கீல் ஆபீஸ்ல. அங்க ஒருத்தர் பொண்டாட்டியோட ஃப்ரெண்டு கிட்ட ரகசியம்னு சொல்லி வச்சாரு, அந்தம்மா ட்விட்டர்ல போட்டு உடைச்சிட்டாங்க. வக்கீல் சார் மன்னிக்கணும்.

கோர்ட்_வாசல்:
நான் ஒண்ணும் சொல்லல சார் 🙏

நெடுந்தீவு_குதிரை:
இன்னொரு பக்கமும் கதைக்க வேணும். சொந்தக் கதை எண்டு புனைபெயரில வாறது எல்லாம் சொந்தக் கதை எண்டு எப்பிடி நம்புறது? 2011ல டமாஸ்கஸில இருந்து அமினா எண்ட பெட்டை எழுதுறா எண்டு உலகமே வாசிச்சது, அவவைக் கடத்திப் போட்டாங்கள் எண்டு எல்லாரும் துடிச்சவை, கடைசியில பாத்தா எடின்பரோவில இருந்த ஒரு அமெரிக்க ஆம்பிளை. உண்மையா சிரியாவில மாட்டுப்பட்ட ஆக்களின்ர கதையை அதுக்குப் பிறகு நம்ப ஆளில்லை. சுஜாதா பொம்பிளைப் பேரில எழுதினவர், ஆனா அது கதை எண்டு எல்லாருக்கும் தெரியும். "இது எனக்கு நடந்தது" எண்டு சொல்லிப் போட்டுப் பொய் எழுதினா அது வேற சாமான். எங்கட அகதிக் கதைகளிலயும் இந்தக் கூத்து இருக்கு, நான் பேர் சொல்லேல்லை.

சும்மா_வந்தேன்:
ஃபேஸ்புக்ல பொண்ணு பேர்ல கண்ணீர் கதை எழுதி ஜிபே நம்பர் போட்டவன எனக்கே தெரியும். 500 ரூவா அனுப்பினேன்

பழைய_ட்ரங்குபெட்டி:
எல்லாருக்கும் நன்றி, ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரல, காரணம் இருக்கு. உள்ளதைச்சொல்வேன் தம்பி கேட்டது குத்திட்டே இருந்துச்சு, கெளம்பி அக்கா ஊட்டுக்கே போயிட்டேன். சொல்லலாம்னு வாயெடுத்தா அவ சிரிக்கிறா. மூணாவது பாகத்துலயே தெரியுமாமா. அவளும் ஒரு ஐடி வச்சு ஒவ்வொண்ணுக்கும் கமெண்ட் போட்டுட்டு இருந்திருக்கா, நானும் "நன்றி சகோதரி"ன்னு பதில் போட்டிருக்கேன்.

கோவம் அவளுக்கு இல்லாம இல்ல. ஆனா நான் நெனச்ச எடத்துல இல்ல. மாப்ள ஊட்ல அப்பா குடிய சொல்லி கல்யாணத்த நிறுத்திட்டாங்கன்னு எழுதியிருந்தேன், எல்லாரும் மாப்ளய திட்டி கமெண்ட். அவ சொல்றா, நிறுத்தினது நான்டி, அவங்க ஒண்ணும் சொல்லல, நானே அப்பா மூலமா சொல்லி விட்டேன், நீ ஒம்பதாவது படிச்சிட்டு இருந்த உனக்கு என்ன தெரியும்ங்கறா. எனக்கு அன்னைக்கு ராத்திரி வாசல்ல நடந்த பேச்சு நல்லா ஞாபகம் இருக்குது, மாப்ளயோட பெரியப்பா பேசினது இன்னும் காதுல இருக்குது. அவ சொல்றதும் பொய்யா இருக்காது. யார் சொல்றது நடந்ததுன்னு தெரியல, கேக்கறதுக்கு அப்பாவும் இல்ல.

கடைசியா அவ சொன்னது, அந்த பாகத்த எடு, இல்ல நான் சொல்றத நீ எழுது, ஆனா ஐயோ பாவம்னு மட்டும் என்னை எழுதாத. அந்த பாகத்த இப்போதைக்கு எடுத்துட்டேன். புக்குல ரெண்டையும் போடலாம்னு இருக்கேன், தங்கச்சி பாத்தது ஒண்ணு அக்கா சொன்னது ஒண்ணு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல, அக்கா தான் சொல்றேன்னிருக்கா. சித்திக்கு சொல்றதா இல்ல.

உள்ளதைச்சொல்வேன்:
அக்கா செம. நான் படிக்கறேன் புக்கு வந்தா. மயில் இருக்குமா?

பழைய_ட்ரங்குபெட்டி:
மயிலுக்கு பதிலா என்ன போடறதுன்னு யோசிச்சிட்டு இருக்கேன் தம்பி. வக்கீல் சார், பதிப்பகத்துல அக்ரிமெண்ட் அனுப்பியிருக்காங்க. அதுல சொந்தப் பேரு கேக்குது. புனைபெயர்ல கையெழுத்து போடலாமா? அப்புறம் உரிமை யாருக்கு, நாளைக்கு வேற எவனாச்சும் அந்தப் பேரு என்னோடதுன்னா?

கோர்ட்_வாசல்:
அக்ரிமெண்ட்ல சொந்தப் பேரு, சொந்தக் கையெழுத்துதான். ராயல்டி வரணும்னா பான் கார்டு, பேங்க் அக்கவுண்ட் வேணும், அங்க புனைபெயர் செல்லாது. அட்டைல என்ன பேர் வரணும், சொந்தப் பேர யாருக்கும் சொல்லக் கூடாது, போட்டோ போடக் கூடாது, பதிப்பகத்துல யார் யாருக்கு மட்டும் தெரியலாம்னு தனி ஷரத்தா எழுதி வாங்குங்க, வாய்ச்சொல்லுக்கு விடாதீங்க. இத்தாலில எலெனா ஃபெரான்டேங்கற நாவலாசிரியரோட புனைபெயருக்குப் பின்னால இருக்கறது இன்னார்தான்னு 2016ல ஒரு நிருபர் எழுதினது பதிப்பகத்துல இருந்து போன பணத்தையும் சொத்துப் பதிவையும் நோண்டித்தான். கணக்கு பாக்கறவருக்கும் அந்த ஷரத்து பொருந்தணும்.

காப்புரிமை புனைபெயருக்கும் உண்டு. 1957 சட்டம், 23வது பிரிவு, புனைபெயர்ல வந்ததுக்கு வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்துல இருந்து கணக்கு போட்டு 60 வருஷம். அதுக்குள்ள நீங்கதான்னு வெளிய தெரிஞ்சா உங்க காலத்துக்கு அப்புறம் 60 வருஷம். எழுதினது நீங்கதான்னு காட்ட பழைய டிராஃப்ட், ஆப் லாகின் மெயில் எல்லாம் பத்திரமா வைங்க. உயில்லயும் ஒரு வரி சேருங்க, இல்லன்னா உங்களுக்கு அப்புறம் ராயல்டி யாருக்குன்னு பதிப்பகத்துக்கே தெரியாது.

அக்கா சொல்றத புக்குல போடறீங்கன்னா அவங்க கிட்டயும் ஒரு பக்கம் சம்மதக் கடிதம் வாங்கிடுங்க. அக்காதானேன்னு விடாதீங்க மேடம், நான் பாக்கற கேஸ்ல பாதி அக்கா தங்கச்சி கேஸ்.